டர்போ வண்டி

தமிழ்மணி எழுந்தான். பாயைச் சுருட்டினான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினான். டீ போட்டான். குடிக்க மறந்து, ஆறிய பிறகு குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். கார் சாவியை எடுத்துக்கொண்டு பீங்கான் தொழிற்பேட்டைக்கு நடந்தான்.

மாமனாரின் சூளைக் கொட்டகை வாசலில் பிரவீன்குமார் நின்றிருந்தான். செத்துப்போன மனைவி இளமதியின் அண்ணன். அவள் கருமாதிக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"வாய்யா மாப்ள. இப்பத்தான் விடிஞ்சுதா ஒனக்கு?"

தமிழ்மணி காரை மூடியிருந்த படுதாவை இழுத்தான். பந்தயத்துக்காக உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு ஒற்றை இருக்கை போட்ட கார். கார் மாமனாருடையது. இஞ்சினில் டர்போவைப் பொருத்தியது தமிழ்மணி. அந்த இஞ்சினைத் தவிர அவனுக்கென்று இப்போது எதுவும் மிச்சமில்லை.

"இன்னிக்கு நான் ஓட்டிப் பாக்குறேன். சரியா ஓடுச்சுன்னா ஸ்ரீபெரும்புதூர் ரேஸுல நானே ஓட்டுறேன். இல்லன்னா இஞ்சினைக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன்" என்றான் பிரவீன்குமார்.

"மச்சான், இது சாதா இஞ்சின் மாதிரி இல்ல. மிதிச்ச ஒடனே வராது. வெளிய போற புகை டர்போவைச் சுத்த வைக்கணும், அது காத்தை அமுக்கி உள்ள அனுப்பணும், அப்பறந்தான் வேகம். அதனால வளைவு முடியறதுக்கு முன்னாடியே மிதிச்சு வைக்கணும். டர்போ இல்லாத வண்டிக்காரன் வளைவுலதான் நம்மளத் தாண்டுவான். விட்டுருங்க, நேர் ரோட்டுல புடிச்சிரலாம். அவன் முதுகுல ஒட்டிக்கினு மட்டும் போவாதீங்க. சூட்டுக் காத்தை இழுத்தா இஞ்சின் தெணறும்."

"காலேஜு பாடம்லாம் வேணாம். சாவியக் குடு."

லாரிகள் திரும்பும் மைதானத்தைச் சுற்றிப் பறந்தான் பிரவீன்குமார். வண்டி நன்றாகச் சூடேறியது. ஒரு வளைவு முடிந்த பிறகு மிதித்தான். ஒன்றும் வரவில்லை. ஆத்திரத்தில் அடிவரை மிதித்தான். அடுத்த வளைவுக்கு ஒடிக்கும்போது மொத்த வேகமும் ஒரேயடியாக வந்தது. ஸ்டீயரிங் கையை உதறியது. வண்டி திரும்பாமல் நேராகப் போய், உடைந்த பியூஸ் கட்டைகளைக் கொட்டியிருந்த மேட்டில் ஏறி நின்றது. சக்கரத்தடியில் பீங்கான் நொறுங்கியது.

தமிழ்மணி ஓடினான். இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பானெட் இடுக்கில் அனல் அடித்தது. பிரவீன்குமாரின் கை சாவிக்குப் போனது. தமிழ்மணி ஜன்னல் வழியாக அந்தக் கையைப் பிடித்தான்.

"அணைக்காதீங்க. டர்போ நெருப்பா இருக்குது. இப்ப நிறுத்துனா ஆயில் ஓட்டம் நின்னு உள்ளயே கருகிப்போயிடும். அப்பறம் அது சுத்தவே சுத்தாது."

"கைய எட்றா."

"கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும். சூளையச் சூட்டோட தொறப்பீங்களா நீங்க? உள்ள இருக்குறது வெடிச்சிராது?"

பிரவீன்குமார் கதவை உதைத்துத் திறந்து இறங்கினான். தமிழ்மணியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"அன்னிக்கும் இதத்தானடா செஞ்ச? எந்தங்கச்சி ஆஸ்பத்திரியில கெடந்து ஒனக்குப் போன் பண்ணா. போனை வச்சப்பறமும் நீ ஸ்ரீபெரும்புதூர்ல இஞ்சின் ஓடிக்கினு இருந்த வண்டி பக்கத்துல நின்னுக்கினு இருந்திருக்க. பாத்தவன் சொன்னான். நீ வர்றதுக்குள்ள போய்ச் சேந்துட்டா. அவளவிட இந்த இரும்புதான ஒனக்குப் பெருசு?"

தமிழ்மணியின் கண் பானெட்டுக்குப் போனது.

"வாயத் தொறடா. அவ ஒன்ன வரச் சொன்னாளா, இல்லியா?"

"நாந்தான் சொன்னேன். அப்படியே அணைச்சுப் போட்டுட்டு வரேன்னு."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

அவள் சூளைக்காரர் மகள். போனிலேயே இஞ்சின் சத்தம் அவளுக்குக் கேட்டிருந்தது.

பிரவீன்குமார் பிடியை விடவில்லை. அந்தப் பிடியோடேயே தமிழ்மணி வண்டிக்குள் குனிந்து இஞ்சின் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தான். இறங்கியிருந்தது. சாவியைத் திருப்பினான். மைதானத்தில் சத்தம் அடங்கியது. பிறகு, அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

"'சூட்டோட அணைக்காதீங்க. எனக்கு ஒண்ணுமில்ல, வெறும் ஜொரந்தான். வண்டிய ஆறவிட்டுப் பொறுமையா வாங்க.'"