மூடிய கதவுக்குள் பத்து நிமிடம்

ஜனவரிப் பனிமூட்டத்தில் எதிர்வீட்டு விளக்குகூடத் தெரியவில்லை. ஜனக்புரியில் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வெந்நீர் போடும் கேஸ் கீசர் பெட்டியையும் டிரில் மெஷினையும் சுமந்துகொண்டு நானும் வில்பிரடும் ஏறி முடித்தபோது காலை மணி ஆறரை. ஸ்பானரைத் தொட்டால் விரல் எரிகிற குளிர். சுவரைத் துளைத்ததில் தலை, மூக்கு, வாய் எல்லாம் சிமெண்டுத் தூசி.

குளியலறையின் மேல் ஜன்னலை வீட்டுக்காரர் பழைய செய்தித்தாளைத் திணித்து அடைத்திருந்தார். டில்லியில் குளிர்காலம் வந்தால் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

கீசரை வெளியே பால்கனியில்தான் மாட்ட வேண்டும் என்று பெட்டிக்குள் இருக்கும் காகிதமே சொல்கிறது. எங்கள் முதலாளி நல்லசிவம் அண்ணாச்சிக்கு அதெல்லாம் ஆகாது. பால்கனி என்றால் நீளமாகக் குழாய் இழுக்க வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று வீடுதான் முடியும். குளியலறைக்குள் என்றால் ஆறு. மாட்டியதும் ஒருத்தன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பத்து நிமிடம் வெந்நீரை ஓடவிட்டு, சுடர் நின்று எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் அவர் சட்டம்தான்.

சாயங்காலம் எங்கள் ஆறு பேருக்கும் தலை வெடிக்கும். டில்லிக் குளிர் மண்டைக்குள் இறங்கிவிட்டது என்று நாங்களாகவே முடிவு கட்டி, மாத்திரை போட்டு டீ குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். எங்கள் மடத்தனத்தை எங்கே போய்ச் சொல்வது!

"பச்சமுத்து, நீ சாமானை எடுத்து வை மக்கா. நான் பாத்துட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு வில்பிரட் உள்ளே போனான். நாகர்கோவில்காரன், வேலையில் புலி. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. கதவை உதைத்துத் திறந்தால் வாளிமேல் சரிந்து கிடக்கிறான். பால்கனிக்கு இழுத்துப் போட்டுக் கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "மூடின ரூம்ல கேஸ் எரிஞ்சா விஷக்காத்து வரும், வாசனையே இருக்காது. இவருக்கு முன்னாடி தலைவலி இருந்துதா?"

"எங்க எல்லாருக்குமே இருக்கு சார்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. வில்பிரட் கண் திறக்கவில்லை.

அன்று மாலை கடைக்குப் போனால் அண்ணாச்சி ஒரு காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இதுல கையெழுத்தப் போடுலே. பால்கனியில மாட்டத்தான் சொன்னேன், அவன்தான் சோம்பேறித்தனத்துல உள்ள மாட்டிட்டான்னு எழுதியிருக்கேன்."

"அவன் பொழச்சு வந்தா அவன் முகத்துல எப்படிண்ணாச்சி முழிப்பேன்?"

"அவன் வாறது ஆண்டவன் கையில. எனக்கு இது சீசன். இருபத்தெட்டு வீடு பாக்கி கிடக்கு, தெரியுமால?"

"கையெழுத்தும் போட மாட்டேன், இனிமே குளியலறைக்குள்ள மாட்டவும் மாட்டேன்."

"ஒத்தை ஆளு நீ. என்னலே மிரட்டுத?"

பக்கத்தில் எங்களோடு வேலை செய்யும் பீகார்க்காரன் மகேந்தர் நின்றிருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் இந்தியில் கேட்டான், சொன்னேன். அவன் தன் ஸ்பானர் பையை மேசைமேல் வைத்தான். "நானும் மாட்ட மாட்டேன், மாலிக்." அங்கிருந்த மற்ற மூன்று பேரின் பைகளும் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

அண்ணாச்சி சிரித்தார். "போங்கலே! காலையில அஞ்சரைக்கு லேபர் சௌக் போனா நூறு பேரு கிடைப்பான்."

அது உண்மைதான். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

அதனால்தான் மறுநாள் அவருக்கு முன்னே, ஐந்து மணிக்கு நாங்கள் அங்கே நின்றோம். கூலிக்குக் காத்திருந்தவர்கள் அட்டைப் பெட்டிகளை எரித்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். மகேந்தர் தன் ஊர்ப் பேச்சில் வில்பிரடின் கதையைச் சொன்னான். "வெளியே மாட்டினால் ஒன்றும் ஆகாது. சாத்திய கதவுதான் எமன்" என்று நான் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"எங்க வீட்டு அடுப்பு எரிய வேணாமா?" என்று ஒருத்தன் சீறினான். தலையில் மஃப்ளர் சுற்றிய ஒரு பிளம்பர் மட்டும் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டான்.

அஞ்சரைக்கு வேன் வந்தது. அண்ணாச்சி கண்ணாடியை இறக்கினார். "கீசர் ஃபிட்டிங்! நாலு ஆளு! ஜல்தி, ஜல்தி!"

நாலு பேர் வேனை நோக்கி ஓடினார்கள். அவர்களை எந்த வாயால் திட்டுவேன்? பசி என்னைவிட அவர்களுக்கு அதிகம்.

முதலில் ஓடியவன் அந்த மஃப்ளர்காரன். வேன் கதவில் கை வைத்தவன் ஏறவில்லை.

"மாலிக், குளியலறைக்கு உள்ளேயா, வெளியேயா?"

"ஏறு, அப்புறம் சொல்றேன்" என்றார் அண்ணாச்சி இந்தியில்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். "இல்லை, இப்பவே சொல்லுங்க."

பின்னால் வந்த மூன்று பேரும் ஏறாமல், அந்தப் பதிலுக்காக அவன் பக்கத்தில் நின்றார்கள்.