மேல்மூலையைக் கடிக்கத் தெரியாதவர்

டாக்டர் எவாரிஸ்தோ லாரெயாவை நான்கு மாதமாகத் துரத்தியும் என்னால் பிடிக்க முடியவில்லை. கடைசியில் மின்னல்தான் அவரைப் பிடித்துக் கொடுத்தது.

எல் ஆல்தோ மேட்டிலிருந்து லா பாஸ் நகரத்துக்குள் இறங்கும் கேபிள் காரை, மின்னல் வெட்டினால் நிறுத்திவிடுவார்கள். அன்று காலை பத்தரைக்கு நிறுத்தினார்கள். செங்கல் வீடுகளின் தகரக் கூரைகளுக்கு மேலே, அந்தரத்தில் எங்கள் பெட்டி தொங்கியது. உள்ளே டாக்டர், நான், மடியில் கூடையோடு, சோமாசி மாதிரிச் சுட்ட சால்தேன்யா விற்கும் எவுசேபியா.

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் அல்ல. எங்கள் ஊரில் சட்டம் படித்தவர்களை டாக்டர் என்று அழைக்காவிட்டால் அவர்களுக்குக் காது கேட்காது. இவர் நகர உணவுப் பாரம்பரியக் குழுவின் தலைவர். மாட்ரிட்டில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு வந்து, மூன்றாம் மாதமே எங்களுக்கு எங்கள் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித்தர ஆரம்பித்தவர். நான் ரெம்பெர்த்தோ, சுற்றுலா வழிகாட்டி. என் உரிமம் அன்று மாலையோடு முடிகிறது. புதுப்பிக்க அவர் கையெழுத்து வேண்டும். கீழ் நிலையத்தில் அவர் ஒரு ‘சுவைப் பாதை’யைத் திறந்துவைக்கப் போகிறார், பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். சந்தை சந்தையாக அலைந்து அந்தப் பாதையை வகுத்தவன் நான். அழைப்பிதழில் என் பெயரைத் தேட வேண்டாம். நான் தேடிவிட்டேன்.

“டாக்டர், ஒரே ஒரு கையெழுத்து” என்று படிவத்தை நீட்டினேன்.

“இடம் பொருள் பாத்துக் கேக்கணும் ரெம்பெர்த்தோ. நாளைக்கு ஆபீசுக்கு வா.”

“நாளைக்கு உரிமமே இருக்காதுங்க.”

“புதுசா விண்ணப்பம் போடு. ரெண்டு வருஷத்துல வந்துடும். எதுக்கும் ஒரு வழி இருக்குப்பா.”

கதவைத் திறந்தால் நேரே கூரையில் விழும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வழி சொன்னார்.

ஆலங்கட்டி மழை கண்ணாடியில் கல்லெறிந்தது. பதினோரு மணிக்கு டாக்டருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. டையைத் தளர்த்தினார். மேடையில்லாமல் அரை மணி நேரம் சும்மா இருந்தது அவருக்கு அதுவே முதல் முறையாக இருக்கும். வரலாற்றை எடுத்துவிட்டார்.

“ஆயிரத்தி எழுநூத்தி எண்பத்தொண்ணுல பூர்வகுடிங்க இந்த ஊரையே முற்றுகை போட்டாங்க. உள்ள மாட்டினவங்கள்ல என் முன்னோரும் உண்டு. கோவேறு கழுதையைத் தின்னாங்க. அப்புறம் தோல் பெட்டியை வேகவச்சுத் தின்னாங்க. அந்த வைராக்கியம் எங்க ரத்தத்துல இருக்கு.”

எவுசேபியா கூடைத் துணியைச் சரிசெய்தபடி சொன்னாள்: “மேல நின்னு வளைச்சவங்க எங்க ஆளுங்க, தம்பி. நாங்க இன்னும் மேலதான் குடியிருக்கோம்.”

“நான் தம்பி இல்ல. டாக்டர்.”

“இருக்கட்டும் தம்பி.”

சந்தையில் வாங்குகிறவன் எந்த வயதானாலும் தம்பிதான். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கும் அந்த இளமை கிடைத்துக்கொண்டிருந்தது.

பதினொன்றரை ஆனது. எவுசேபியா கூடையைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். “பன்னெண்டு அடிச்சா இதை நாய்கூட மோந்து பாக்காது. ஆறிப்போறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க.”

சால்தேன்யா காலைப் பண்டம். மதியத்துக்கு மேல் அதைத் தின்பவனை எங்கள் ஊரில் வெளியூர்க்காரன் என்பார்கள். டாக்டரின் தலைக்கு மேலேயே ‘உள்ளே உண்ணாதீர்’ என்று ஒட்டியிருந்தது. அதை நிமிர்ந்து பார்த்தார்.

“பாரம்பரியத்துக்கு இந்த விதியெல்லாம் பொருந்தாது” என்று ஒன்றை எடுத்துக்கொண்டார்.

தட்டில் வைத்து, கத்தியால் நறுக்கித் தின்னும் வீட்டில் பிறந்தவர். இதைக் கையில் பிடித்துத் தின்ன அவருக்குத் தெரியாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தேன். பிறகு படிவம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். உபதேசம் செய்தவனுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

சால்தேன்யாவை நிமிர்த்திப் பிடித்து, மேல்மூலையைச் சின்னதாகக் கடித்து, உள்ளே இருக்கும் குழம்பை முதலில் உறிஞ்ச வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கும் இது தெரியும். டாக்டர் அதன் வயிற்றைக் கடித்தார். மஞ்சள் குழம்பு தாடையில் இறங்கி, டையைத் தாண்டி, வெள்ளைச் சட்டையில் பரவியது. பின்னாலேயே ஒரு உருளைக்கிழங்குத் துண்டு. அப்புறம் ஆலிவ்.

எவுசேபியா நிதானமாக மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்: “மூலையெல்லாம் இருக்க, வயித்துல போய்க் கடிச்சிட்டீங்களே தம்பி.”

லா பாஸில் அரசுப் பணத்தைத் தின்றவன் திரும்பவும் தேர்தலில் நிற்கலாம். சால்தேன்யாவைச் சிந்தியவன் நிற்க முடியாது. இது டாக்டருக்கும் தெரிந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்தார். கறை அகலமானது.

அந்த நேரம் பார்த்துப் பெட்டி குலுங்கி நகரத் தொடங்கியது. கீழே போய்ச் சேர ஐந்து நிமிடம். டாக்டரின் கண் என் சட்டைமேல் விழுந்தது. விழாவுக்கென்று என் மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை.

“உன் சட்டை என்ன அளவு?”

“டாக்டர்...”

“அந்தப் படிவத்தை எடு.”

முழங்காலில் வைத்துப் போட்டார், நான்கு மாதக் கையெழுத்தை நான்கு வினாடியில். எவுசேபியா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாங்கள் சட்டையைக் கழற்றினோம். அவர் சட்டை வெதுவெதுப்பாக என் நெஞ்சில் ஒட்டியது. கொத்தமல்லி வாசனை வந்தது.

கதவு திறந்ததும் கேமராக்கள் மின்னின. டாக்டர் கையசைத்தார். ஒரு நிருபர் என் மார்பைப் பார்த்துவிட்டு எவுசேபியாவிடம் கேட்டான்: “யாரு அக்கா சிந்தினது?”

அவள் டாக்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள்.

“கேக்கணுமா? சட்டை யாருதுன்னு பாத்தா தெரியாதா?”

அந்தக் கையெழுத்து போய்விடக் கூடாதென்று, என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். மறுநாள் நாளிதழில் டாக்டர் பளிச்சென்று நிற்க, பக்கத்தில் நான் கறையோடு நின்றேன். படத்தின் கீழே எழுதியிருந்தது: ‘வழிகாட்டிக்கே வழி தெரியவில்லை.’

இப்போது உரிமம் என் கழுத்தில் தொங்குகிறது. வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், வருடாவருடம் அதே கையெழுத்து வேண்டும். ஆகவே உண்மையை நான் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அவளும் முழுதாக நம்பவில்லை.

நேற்று பயணிகள் ஆறு பேரைச் சந்தைக்கு அழைத்துப் போனேன். மேல்மூலையைக் கடிக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது கடைக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எவுசேபியா மட்டும் சிரிக்கவில்லை. வழக்கமாக எங்கள் ஊரில் எது வாங்கினாலும் கொசுறு உண்டு. எனக்கு ஒரு சால்தேன்யாவை எடுத்து வைத்து, சுற்றிலும் பார்த்து, வேறு வழியில்லாமல், கொசுறாக, சிந்துகிறவர்களுக்குக் கொடுக்கும் கரண்டி ஒன்றையும் வைத்தாள்.

வாங்கிக்கொண்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால், அந்தக் கரண்டியாலேயே சாப்பிட்டேன்.