மூன்று கண் தோஸ்துக்கு ஒட்டின அம்பு

...மூன்று கண் இருந்தால் எந்தக் கண்ணுக்கு முதலில் தூக்கம் வரும், கேட்டது ஐந்து வயது ஜீவா, முழித்தது அவளைப் பெற்ற கிறிஸ்டினா, இந்தப் புத்தகம் எழுதினவராவது இதையெல்லாம் யோசித்திருப்பாரா... ஷூ கம்பெனியில் பக்கத்து மேஜை பில்கிஸ் கொடுத்தது, அவள் பிள்ளை பெரியவனாகிவிட்டானாம், அட்டைக் கதவைத் திறந்தால் பச்சையாக ஒரு வேற்றுக்கிரகவாசி எட்டிப் பார்க்கிறது, அதன் உள்ளங்கை வெல்வெட்டைத் தடவினால் கைகுலுக்கினதாகக் கணக்கு, கிறிஸ்டினாவும் தடவினாள், ஷூத் தோலைத் தடவிப் பழுது தேடியே பழகின கட்டைவிரல் சும்மா இருக்குமா. 'புது நண்பனிடம் என்னென்ன வித்தியாசம்? கண்டுபிடி!' என்றது அடுத்த பக்கம். வித்தியாசம்... நாளைக்கு ஜீவாவுக்குப் பள்ளியில் முதல் நாள், புருவத்துக்கு மேல் அந்த வெள்ளைத் திட்டு, பவுடர் பூசி மறைத்து அனுப்புவதா, அப்படியே அனுப்புவதா, வாரமெல்லாம் இதே குடைச்சல், ஒட்டுற வியாதி இல்லம்மா என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார், கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு அதை யார் போய்ச் சொல்வது... நினைப்பு அங்கே ஓட, கை தன்பாட்டுக்குக் கைப்பையில் கிடந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்துப் படத்தில் ஒட்டியிருக்கிறது, கம்பெனியில் தோலில் பழுது கண்ட இடத்தில் ஒட்டுவாளே அதேதான், மூன்றாவது கண்ணுக்கு ஒன்று, ஆறாவது விரலுக்கு ஒன்று, கன்னத்துப் புள்ளிக்கு ஒன்று, அம்பு விழுந்த தோல் கழிவுக் கூடைக்குத்தானே போகும், அடச்சீ, நட்பாகக் கை நீட்டினதுக்கா இந்த மரியாதை, என்ன பெண் நான்.

"எனக்கும் ஒண்ணு ஒட்டும்மா." ஜீவா திட்டின் மேலேயே விரலை வைத்துக் காட்டினாள். "இங்க."

"வாணாம்டி... உனக்கு இன்னாத்துக்கு?"

"அதுக்கு மட்டும் ஒட்டுன? நாங்க ரெண்டு பேரும் தோஸ்த் இல்ல?"

கிறிஸ்டினா மிச்ச ஸ்டிக்கரைக் கைப்பைக்குள் திணித்தாள், அழுதால் பிள்ளை பயந்துவிடும், அம்பு என்றால் என்னவென்று இவளுக்குத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும்... ஆனால் அந்தத் திட்டைப் பற்றி இவள் என்ன நினைக்கிறாள், கண்ணாடி முன்னால் நிற்கும்போது இவளுக்கு என்ன தெரிகிறது, டாக்டரைக் கேட்டாயிற்று, பில்கிஸைக் கேட்டாயிற்று, சர்ச்சில் பாஸ்டர் அம்மாவைக் கூடக் கேட்டாயிற்று, இவளை ஒரு நாளாவது கேட்டோமா?

"ஜீவா, நாளைக்கு இங்க பவுடர் போடலாமா, வாணாமா? நீயே சொல்லு."

ஜீவா அம்மாவை ஒரு தரம் பார்த்தாள், பிறகு பச்சை முகத்தின் மேல் குனிந்தாள். "இரு, இத்தக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள், கையால் வாயை மறைத்துக்கொண்டு என்னவோ குசுகுசுத்தாள், நீளமாகவே போனது அந்தப் பேச்சு, கிறிஸ்டினாவுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, இத்தனை நாளும் இவளுக்குள் இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறதே...