காலடிக்கு வந்த கோலி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், மிச்சமிருக்கிற இரண்டு பல்லும் இன்றைக்கே விழட்டும்.

பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்பது மைத்துனரின் தொழில். வாங்குவதற்கு முன் கான்ட்ராக்டரோடு நேரில் போய்ப் பார்த்து, என்ன செலவாகும் என்று எழுதிக் கொடுப்பது அவர் தங்கை கணவரின் வேலை. வெள்ளைச் சுவர் என்றால்கூடச் சுரண்டிப் பார்க்கிற ஆள்; அதனால் கான்ட்ராக்டர்கள் வைத்த பெயர் ‘சந்தேகம்’. அப்படியிருந்தும் மூன்று வீட்டில் மதிப்பீடு பிசகிவிட்டது.

“மாப்ள, இதுலயும் கோட்டை விட்டீங்கன்னா தங்கச்சி முகத்துக்காகக்கூடப் பாக்க மாட்டேன். வேற ஆளைப் போட்டுருவேன்” என்றார் மைத்துனர்.

நாலாவது வீடு. மாடி அறையில் கான்ட்ராக்டர் ஒரு கண்ணாடிக் கோலியைத் தரையில் விட்டார். அது உருண்டு அவர் காலடியிலேயே போய் நின்றது.

“பாத்தீங்களா சார், தரை சாஞ்சிருக்கு. மொத்தமாப் பேத்துத்தான் போடணும்.”

பேர்த்தால் யாருக்கு லாபம் என்று சந்தேகத்துக்குத் தெரியாதா? “அந்த மூலையில போய் நில்லுய்யா.”

போனார். கோலியும் திரும்பி, வளர்த்த நாய்க்குட்டி மாதிரி அவர் பின்னாலேயே போனது.

“பூட்ஸுக்குள்ள காந்தம் வச்சிருக்கே.”

“கண்ணாடிக்கு ஏது சார் காந்தம்? பொண்டாட்டி கூப்பிட்டாலே நான் திரும்ப மாட்டேன், கோலி திரும்புமா?”

“கழட்டு.”

கழற்றினார். சாக்ஸ் ஓட்டையில் பெருவிரல் எட்டிப் பார்த்ததே தவிரக் காந்தம் இல்லை. கோலி அந்த விரலை முட்டிக்கொண்டு நின்றது.

“நான் கீழ போயிடறேன் சார். நீங்களே தனியா விட்டுப் பாருங்க.”

அவர் இறங்கிப் போனதும் கோலி நடுத்தரையில் கொஞ்சம் யோசித்தது. நாலு சுவரையும் மோந்து பார்ப்பதுபோல் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு நேரே சந்தேகத்தின் காலடிக்கு வந்தது. அவர் விலகினார். அதுவும் கூடவே விலகியது.

“யாருகிட்ட வந்துச்சு சார்?” கீழிருந்து குரல்.

“யாருகிட்டயும் வரலை” என்று சொல்லிக் கோலியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மதிப்பீட்டை ஒவ்வொரு வரியாகப் படித்த மைத்துனர், ‘மாடித் தரை முழுவதும் மாற்ற வேண்டும்’ என்ற இடத்தில் விரலை வைத்தார்.

“நேர்ல போய்ப் பாத்தீங்கதானே, மாப்ள?”

“என்ன மச்சான் இப்படிக் கேட்டுட்டீங்க! இதோ சாட்சி.” நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி, கோலியை மேசைமேல் வைத்தார். அது மெல்ல உருண்டு அவர் பக்கமே வந்தது.

அந்த வீட்டுக்கு மாடி கிடையாது.