ஹராஜுகுவுக்குப் போன படங்கு

"முடிச்ச வலப்பக்கம் போடுடி" என்றாள் சண்முகவடிவு. தங்கை ராக்காயி தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று படங்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். தேயிலைச் செடி சேலையைக் கிழிக்காமலிருக்க இடுப்பில் சுற்றும் முரட்டுத் துணி அது. எல்லாரும் வலப்பக்கம்தான் முடிவார்கள். ராக்காயி இடக்கைக்காரி, அவள் முடிச்சு இடப்பக்கம்தான் விழும்.

"ஜப்பான்ல இதான் பேசன், தெரியுமா" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு முன்னால் நடந்தாள்.

அன்று முற்பகல் பொகவந்தலாவைக்கு மேலே மலையில் குளவிக்கூடு கலைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ராக்காயியின் உயிர் பிரிந்தது.

சாவு வீட்டிலும் ஜப்பான்தான் பேச்சு. வந்தவர்கள் பிள்ளையில்லாமல் போனதையோ, விதவையாக அவள் பட்ட பாட்டையோ சொல்லி அழவில்லை. ஜப்பான் பார்த்த பொம்பளை என்றுதான் அழுதார்கள். சண்முகவடிவும் அழுதாள். அழுகையின் நடுவிலும் அந்தச் சொல் அவளைச் சுட்டது.

இரண்டாயிரத்து நாலில் ஒரு தேயிலைக் கம்பெனிக்காரர்கள் டோக்கியோ கடையொன்றில் கூடையோடு நிறுத்த ஒரு கொழுந்துக்காரியைத் தேடி வந்தார்கள். தோட்டத்திலேயே சுத்தமாகவும் வேகமாகவும் கொழுந்து எடுப்பவள் சண்முகவடிவு. கேமராவுக்கு முன்னாலும் குனிந்த தலை நிமிராமல் எடுத்தாள். பக்கத்து நிரையில் நின்ற ராக்காயி கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து சிரித்தாள். அவளையே கூட்டிப்போனார்கள். கிழிந்த படங்கோடு போனால் தோட்டத்துக்கே கேவலம் என்று கங்காணி சொன்னதால், சிவப்பு நூலில் ஓரம் அடித்த தன் புதுப் படங்கைச் சண்முகவடிவு கொடுத்தனுப்பினாள்.

படங்கு திரும்பி வரவில்லை. கதைதான் வந்தது.

ராக்காயி அதைச் சொல்லாத நாளில்லை. சண்முகவடிவு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைவாள். ஒரு கேள்வி கேட்டதில்லை, ஒரு சொல்லையும் விட்டதில்லை.

கடைசி நாள் மொழிபெயர்க்கிற பெண் அவளை டோக்கியோவிலேயே ஹராஜுகு என்ற இடத்துக்குக் கூட்டிப்போனாளாம். ஒடுங்கிய தெரு, இரண்டு பக்கமும் துணிக்கடை. வந்த பெண்பிள்ளைகள் காற்சட்டைக்கு மேல் பாவாடை, அதற்கும் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, முழங்கால் வரை சப்பாத்து, தலையில் துண்டு என்றிருந்தார்கள். தன்னைப் போலக் கொழுந்து எடுத்துவிட்டு வருகிறார்கள் என்றே ராக்காயி நினைத்தாள். "எத்தன கிலோ எடுத்தாங்கன்னு கேளுங்க" என்றாள். கேட்டதும் அந்தப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி ராக்காயி கட்டியிருந்த படங்கின் சிவப்பு ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். ராக்காயி அவிழ்த்து, தன் கையாலேயே அவளுக்குக் கட்டிவிட்டாள்.

பதிலுக்கு அவள் ஒரு மெல்லிய தோசையை வாங்கிக் கொடுத்தாள். கடதாசியில் கூம்பாகச் சுருட்டி, உள்ளே கிரீமும் ஸ்ட்ரோபெரியும் வைத்தது. "நுவரெலியாவுல விக்கிற அதே பழந்தான். அத திங்க நான் ஜப்பானுக்கே போக வேண்டியிருந்திச்சி" என்பாள் ராக்காயி.

பிறகு மரங்கள் நிறைந்த அகலத் தெரு. அங்கே முழுக்கக் கண்ணாடியாலான கட்டிடம். சுவர் எது, சன்னல் எது என்று தெரியாதாம். கொழுந்துக்கூடைப் பின்னல் போலச் சாய்சதுரம் சாய்சதுரமாக, சில இடங்களில் புடைத்து நிற்குமாம். அதன் முன்னால் படங்கு கட்டிய பெண்ணை ராக்காயியே படம் எடுத்தாள்.

அந்தப் படம் அவர்கள் இருந்த லயத்துக் காம்பராச் சுவரில் தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தன் கையால் தைத்த துணி போன இடத்துக்குத் தான் போகவில்லையே என்று சண்முகவடிவுக்கு நெஞ்சு எரியும்.

கருமாதியன்று பக்கத்துக் காம்பரா அழகம்மா அதே கதையை எடுத்தாள். ராக்காயி தன் படங்கையே அவிழ்த்துக் கொடுத்த தாராளக்காரி என்றாள்.

"அது என்னோட படங்கு" என்றாள் சண்முகவடிவு.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. தெரு, தோசை, கண்ணாடிக் கட்டிடம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். யாரோ, "போயிட்டு வந்த மாதிரியே சொல்றீங்களே அக்கா" என்றார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"செவப்பு நூலப் பாருங்க, நான் தச்சது" என்று படத்தைக் கழற்றி வந்து ஓரத்தில் விரல் வைத்தாள். விரல் ஓரத்தோடு மேலேறி அந்தப் பெண்ணின் இடுப்புக்குப் போனது. அங்கேயே நின்றது.

அவள் படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

முடிச்சு இடப்பக்கம் இருந்தது.