ரவுண்ட்ஸ் நேரத்தில் சொந்தக்காரர்களுக்கு இடமில்லை

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டின் முதுகு மட்டும் தெரிகிறது, அதற்கும் அப்பால் என் வீட்டுக்காரர் மாரப்பன், ஆணி குத்திச் சீழ் வைத்த காலோடு கட்டிலிலிருந்து எழுந்து நின்று, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிடுகிறார், படுத்திருக்க வேண்டிய மனுசன், டாக்டரைக் கண்டால் எழுந்து நிற்கணும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ, நான் இந்தப் பக்கம் மாடிப்படியில், ரவுண்ட்ஸ் வருது எல்லாரும் வெளிய போங்க என்று விரட்டப்பட்டு நிற்கிறேன், மூன்று வருஷமாக நிற்கிறேன், தூங்கினாலும் அதே படி, விழித்தாலும் அதே படி, எட்டு வருஷத்துக்கு முன்னால் தாராபுரத்தில் ஒரு ஊசி போட்டு இவருக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியது, அந்த டாக்டர் மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி, எங்க போனாலும் இதைக் காட்டும்மா, மறுபடி போட்டா உசுருக்கு ஆபத்து என்றார், காட்டினேனே, காலையிலேயே நர்ஸ் பெண்ணிடம் காட்டினேனே, டாக்டர் வருவாருங்கக்கா, அவருகிட்டயே சொல்லிருங்க என்றாள், அவர் வரும்போதுதான் என்னை வெளியே தள்ளிவிட்டீர்களே, சொல்ல வேண்டியவளைப் படியில் நிறுத்திவிட்டு யாரிடம் கேட்கிறீர்கள், இது என்ன நியாயம்.

ஊசி மருந்து ஏதாச்சும் ஒத்துக்காம போயிருக்கா என்று ஏட்டிலிருந்து தலையெடுக்காமல் டாக்டர் கேட்கிறார், இல்லீங்க சார், நல்லாருக்கேனுங்க என்கிறார் இவர், சாயப்பட்டறை முதலாளி என்ன கேட்டாலும் இல்லீங்க என்றே சொல்லிப் பழகிய வாய், எனக்கு வந்ததே ஆத்திரம், கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன், சார், ஒத்துக்காதுங்க சார், சீட்டு இருக்குதுங்க, வாட்ச்மேன் என் தோளைப் பிடித்து இழுத்து, சும்மா இரும்மா, இதென்ன சந்தையா என்றான், வெள்ளைக் கோட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தது, கதவு திறந்து நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ஊசி இறங்கிவிட்டது, மாமா என்றேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் டாக்டர் வரவேயில்லை, ஆஸ்பத்திரி மேனேஜர்தான் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டு வந்தார், எதனால போனாருங்க என்றேன், ஹார்ட் நின்னுபோச்சும்மா என்றார், நின்றுபோனது எனக்குத் தெரியாதா, ஏன் நின்றது என்றுதானே கேட்டேன், பத்து நாள் போய் வரவேற்பு மேசை முன்னால் உட்கார்ந்தேன், தப்பு நடந்துபோச்சும்மா என்று அந்த டாக்டர் எதிரே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன், சத்தியமாக வழக்குப் போட்டிருக்க மாட்டேன்.

இன்றைக்கு நுகர்வோர் ஆணையத்தில் டாக்டருடைய வக்கீல் கேஸ் ஷீட்டைத் தூக்கிக் காட்டுகிறார், ஒவ்வாமை இல்லை என்று நோயாளியே சொன்னதாக எழுதியிருக்கிறது, தெரிஞ்சிருந்தும் டாக்டர்கிட்ட சொல்லாதது உங்க அலட்சியம்தானேம்மா என்கிறார், எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது, சொன்னேனுங்க, கம்பிக்கு வெளிய நின்னு தொண்டை கிழியச் சொன்னேன், உள்ள விட்டிருந்தா காதுகிட்ட வந்து மெதுவாச் சொல்லியிருப்பேன் என்கிறேன், தலைவரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேட்கிறார், அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா, டாக்டர் எழுந்து திரும்புகிறார், இத்தனை நாளில் இப்போதுதான் அவர் முகத்தை முழுசாகப் பார்க்கிறேன், கேட்டுச்சு மேடம், ரவுண்ட்ஸ் போனா வெளிய எப்பவும் யாராவது கத்திக்கிட்டுத்தான் இருப்பாங்க என்றார், அவருடைய வக்கீல் அவசரமாக எழுந்தார்.