ஐயா, வெளியே போங்க

என் வாய்க்கு ஊரில் பெயர் உண்டு. இருபது வருடமாகப் பஸ் ஓட்டுகிறேன். ஹார்ன் பழுதானாலும் வண்டியை நிறுத்தியதில்லை. ஜன்னலில் தலையை நீட்டி நானே கத்திவிடுவேன். எனக்குப் பிறந்ததோ வாயில்லாப் பூச்சி. வீட்டில் அவளைப் ‘பூச்சி’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

பன்னிரண்டு வயதாகியும் செருப்புக் கடையில் அளவு கேட்டால் என் முகத்தைத்தான் பார்ப்பாள். யார் எதைக் கேட்டாலும் நானே முந்திக்கொண்டு பதில் சொல்வேன். ஒருமுறை அவளுடைய காதுவலியை நான் பல்வலி என்று சொல்லிவிட, பல் டாக்டரும் அரைமணி நேரம் வாய்க்குள் டார்ச் அடித்துத் தேடினார். அப்போதும் அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த வருடம் பள்ளி விட்ட பிறகு பெண்பிள்ளைகளுக்கு மட்டும் சில வகுப்புகள் வைத்தார்கள். பூச்சி தானாகவே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். கால்பந்து நடுவர் பயிற்சி, செவ்வாயும் வியாழனும்.

நான் சிரித்துவிட்டேன். “வீட்லயே வாயத் தொறக்காது. இது போய்த் தீர்ப்பு சொல்லப் போகுதா?”

“பேச வேணாம், விசில் ஊதினாப் போதும்னுதான் அதை எடுத்திருக்கா,” என்றாள் மனைவி. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். குத்துகிற இடம் அவளுக்குத் தெரியும். “நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.”

நான்கு மாதம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு விசில் ஊதிப் பழகினாள். வகுப்பை நடத்தியவர் கணக்கு டீச்சர். கடைசிப் பரீட்சைக்கு நிஜமான ஆட்டமே வைத்தார்: பக்கத்துப் பள்ளிக்கும் எங்கள் பள்ளிக்கும், நடுவர் பூச்சி. “முடியற வரைக்கும் ஆட்டம் அவ கட்டுப்பாட்டுல இருந்தா பேட்ஜ். கை மீறிப் போச்சுன்னா விசிலை நான் வாங்கிக்குவேன். அப்புறம் அடுத்த வருஷம்தான்,” என்று பெற்றோரிடம் கறாராகச் சொல்லிவிட்டார். அன்று காலை பூச்சி ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

நான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, சீருடையோடு போய் எல்லைக் கோட்டோரம் நின்றேன். முதல் பாதி ஒழுங்காகப் போனது. இரண்டாம் பாதியில் ஆளுக்கொரு கோல் என்று சமமாக இருந்தபோது, எங்கள் பள்ளிப் பிள்ளை அடித்த பந்து கோலுக்குப் பக்கத்தில் எதிரணிச் சிறுமியின் கையில் பட்டது. நரம்பில்லாத நாக்கு, சும்மா இருக்குமா?

“கை! கை! பெனால்டி!”

பூச்சி தலையை ஆட்டி, ஆட்டத்தைத் தொடரச் சொன்னாள். கை உடம்போடு ஒட்டியிருந்தால் குற்றமில்லையாம். அது எனக்கெங்கே தெரியும்?

“ரெஃப்ரிக்குக் கண்ணு தெரியலையா?” என்று கத்தினேன். ரெஃப்ரி யார் என்பது அந்த நிமிடம் சத்தியமாக எனக்கு நினைவில் இல்லை. பக்கத்திலிருந்த பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். பிள்ளைகள் பந்தை விட்டுவிட்டு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து மைதானத்துக்குள் ஓர் அடி வைத்தார். விசிலை வாங்கத்தான். பாவி, நான்தானே கெடுத்தேன்!

அப்போது நீளமாக ஒரு விசில். மைதானமே அடங்கியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூச்சி நேராக என்னிடம் வந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

“ஐயா, நீங்க ஆட்டத்துக்கு இடைஞ்சல் பண்றீங்க. கேட்டுக்கு வெளியே போங்க.”

ஐயாவா? எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அடியே, நான் உங்கப்பன்டி!”

“தெரியுங்க. நீங்க போற வரைக்கும் ஆட்டம் தொடங்காது.” கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

அந்தக் குரல் எதிர்க் கோடு வரை கேட்டிருக்கும். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். என் மகள் இத்தனை பேருக்கு முன்னால் பேசுகிறாள், அதுவும் என்னை எதிர்த்து! கோபம் போன இடம் தெரியவில்லை. திரும்பி நடந்தேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை. கேட்டைத் தாண்டியதும் உள்ளே விசில் ஒலித்தது, ஆட்டம் தொடங்கிவிட்டது.

அந்த வழியாக வந்த என் பஸ் கண்டக்டர் நின்றான். “என்னண்ணே, ஆட்டம் உள்ள நடக்குது, நீங்க இங்க நிக்கிறீங்க?”

“வெளிய அனுப்பிட்டாங்க.”

“உங்களையேவா? எவன்ணே அவன்?”

“அவன் இவன்னு பேசாத. என் பொண்ணுடா!” என்றேன். தெருவில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கால் மணி நேரம் கழித்து, ஆட்டம் முடிந்ததற்கான மூன்று விசில் கேட்டது. கணக்கு டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கு வந்தார். “உள்ள வாங்க சார். பேட்ஜ் குத்தப் போறோம்.”

நான் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“ரெஃப்ரி வரச் சொன்னாங்களா, டீச்சர்?”